ஆயிரத்து அறுநூற்று எழுபது உயரத்தில் ஒரு மாப்பிள்ளை

வெர்னியர் அளவுகோல் பிடித்துப் பழகிய கை எதையும் அளக்காமல் விடாது. லேத் பட்டறைகளில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சைபர் புள்ளி ஆறு

ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்த முதல் நாள், ஒரு பின்னை அளந்து ரிப்போர்ட்டில் ‘0.6 செ.மீ.’ என்று எழுதினேன். பள்ளிக்கூட ஸ்கேல் பழக்கம். பட்டறையிலோ எல்லாமே மில்லிமீட்டர்தான்; அது வெறும் ஆறு. லேத் ஓட்டும் பாகலூர் முனிராஜ் வாங்கிப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை. “எதுக்குண்ணா சிரமம், கிலோமீட்டர்லயே எழுதிடுங்க.”

உயரம் கேட்டார்கள்

முனிராஜுக்கு முப்பத்துமூன்று வயது. பெண் அமையாததற்கு அவன் வாய்தான் காரணம். சாமல்பட்டியில் பெண்ணின் அப்பா உயரம் கேட்டதற்கு, “ஆயிரத்து அறுநூத்தி எழுபது” என்றிருக்கிறான். அந்த மூன்றாவது இடமும் தட்டிப்போனது. தரகர் என்னிடம் வந்து, “தங்கமான பையன் சார், ஆனா தலையில ஏதோ அடிபட்டிருக்குன்னு நெனைக்கிறாங்க” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தன் டிபன் பாக்ஸில் பாதியை தினமும் எனக்குக் கொடுப்பவன். அவனை உட்காரவைத்து, நட்டுக்கு மில்லிமீட்டர், நோட்டுப் புத்தகத்துக்கு சென்டிமீட்டர், மனுஷனுக்கு அடி என்று பாடம் எடுத்தேன். கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “சரிண்ணா, அஞ்சரை அடிங்கறேன். பிளஸ் ஆர் மைனஸ் எவ்ளோ போடட்டும்?”

அளவு வளையல்

நாலாவது இடம் குந்தாரப்பள்ளியில். நானும் போனேன். இதுவும் போனால் இனிமேல் பெண்ணே பார்க்கப்போவதில்லை என்று பஸ்ஸில் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உயரம் கேட்டார்கள். “அஞ்சரை அடிங்க” என்றான். எனக்கு உயிர் வந்தது. பேச்சு நல்லபடியாக முடிந்து, நிச்சயத்துக்கு வளையல் வாங்க அளவு கேட்டோம். பெண்ணின் அம்மா, வழக்கம்போல், மகளின் வளையல் ஒன்றைக் கழற்றி வாங்கி வந்து நீட்டினார். பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இவன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து வெர்னியரை உருவி அளந்து, “அம்பத்தேழு மில்லிமீட்டர்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்கும் கைக்கடிகார உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைதான் என்று தரகர் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: “அம்பத்தேழு சரிங்க, பாயிண்டுக்கு அப்புறம் எவ்ளோ?”

அவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தின் விட்டத்தைக் கண்ணாலேயே மில்லிமீட்டரில் போட்டுக்கொண்டிருந்த நான்தான், முனிராஜுக்குப் புத்தி சொல்லப் போனவன்.