அட்டையில் எழுதிய ரத்தம்

இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ ஒரு மனிதனின் விலாவில் இறங்கும்போது எழும் ஓசை பெரிதன்று. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டாற்போன்ற குறுகிய ஓசை. அச்சரப்பாக்கம் நிறுத்தத்தில், நண்பகல் வெயிலில், என் பேருந்தின் முன்கதவுக்குக் கீழே அதை நான் மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை காதில் விழாதபடி ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தேன். அன்று என்னிடமிருந்து வந்த எதிர்ப்பு அவ்வளவே.

மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு நான் அப்போது ஓட்டுநர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மற்றவற்றையெல்லாம், ஆட்களை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரங்களில், ஸ்டியரிங்கின் மேல் செய்தித்தாளை விரித்துவைத்துப் படித்தே கற்றேன். அதனால் வண்டியில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. நான் வாசித்துச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கொரோனா வந்த முதல் ஆண்டு. அடைத்திருந்த தொழிற்சாலையை மீண்டும் திறந்தபோது, பேருந்தில் பாதி இருக்கைகளில் மட்டுமே ஆட்கள் உட்காரலாம் என்றார்கள். என் வண்டியில் வந்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இடம் கிடைக்காதவருக்கு அன்றைய கூலி இல்லை. அதைவிடக் கொடியது இன்னொரு விதி. ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடன் வந்த அத்தனை பேரும் பதினான்கு நாள் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும். அவர்கள் அஞ்சியது நோயைவிட அந்தப் பதினான்கு நாளைத்தான்.

இந்த அச்சம் முற்றியிருந்த ஒரு நாள், ஏ வகை ரத்தம் உடையவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்குவதாகவும், ஓ வகையினருக்கு அவ்வளவு கடுமை இல்லை என்றும் ஆராய்ச்சியாளர் கருதுவதாக ஒரு செய்தி வந்தது. வண்டியைக் கிளப்புவதற்கு முன் எழுந்து நின்று அதை உரக்க வாசித்தேன். தலைப்பையும் முதல் இரண்டு பத்தியையும் வாசித்தேன். கீழே இன்னும் இருந்தது. நேரமாகிவிட்டது என்று மடித்து வைத்துவிட்டேன்.

எல்லாருடைய கையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போயிற்று. பெயருக்குக் கீழே ரத்த வகையும் அதில் அச்சிட்டிருக்கும். ஏறக்குறைய எல்லா அட்டையிலும் ஓ பாசிட்டிவ். வண்டியே சிரித்தது.

"பாத்தியா மச்சான், நம்ம வண்டியே ஓ வண்டி. கொரோனா வந்து பாத்துட்டு பேஜாராயி எறங்கிடும்."

ஏ என்று எழுதிய அட்டை ஒன்றே ஒன்று இருந்தது. அதை அணிந்திருந்தவர் கடப்பாக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அச்சரப்பாக்கம் வந்து எங்கள் வண்டி ஏறுபவர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலை விட்டு வெல்டிங் கற்றவர். முப்பது வயது இருக்கும். வீட்டில் மூன்று மாதக் குழந்தை.

அன்று கேலியோடு நின்றது. மறுநாள் அவருடைய சோற்று டப்பாவை யாரோ ஜன்னல் வழியே வீசினார்கள். ஜி.எஸ்.டி. சாலையின் தாரில் சோறும் மீன்குழம்பும் சிதறின. அடுத்து வந்த லாரி அதன்மேல் ஏறிச் சென்றதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டியை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் அவர் படியில் கால் வைத்தபோது, எங்கள் வண்டியின் மூத்த தொழிலாளி கதவை மறித்து நின்றார். பெரிய உடம்பு. ஆட்கள் அவரை மாமா என்று அழைப்பார்கள்.

"நீ எறங்கு."

"இன்னாத்துக்கு மாமா?"

"ஏ குரூப்பு நீ. அண்ணாத்த படிச்சாரே, கேக்கல? நீ ஒருத்தன் வுழுந்தா நாங்க எல்லாம் வூட்ல குந்திகினு ஈ ஓட்டணும்."

"நான் இன்னா கேட்டா வாங்கினேன் இந்த குரூப்பு? பொஞ்சாதி பிரசவத்துக்கு ரத்தம் குடுக்கறப்ப ஆஸ்பத்திரில பாத்து சொன்னாங்க, டேக்ல மாத்திப் போட்டேன். கூலி போனா கொழந்தைக்குப் பால் யாரு வாங்குவா, நீயா?"

"ஏ கிளாஸ் ஆளுடா நீ. வூட்லயே குந்தி சாப்புடு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. சிரித்தார்கள்.

அவர் மூத்தவரைத் தள்ளிக்கொண்டு ஏற முயன்றார். மூத்தவர் அட்டையின் நாடாவைப் பிடித்துக் கழுத்தோடு முறுக்கினார். இவர் முகம் கறுத்தது. ஒரு கையால் நாடாவையும் மறு கையால் கதவுக் கம்பியையும் பற்றிக்கொண்டார். இன்னொருவர் எவர்சில்வர் டிபன் கேரியரால் அந்த விரல்களின் மேல் அடித்தார். இரண்டாம் அடியில் பிடி விட்டது. மல்லாந்து சாலையில் விழுந்தவர் எழ முயன்றபோது மூத்தவர் இறங்கிப் போய் இடது விலாவில் உதைத்தார். நான் தொடக்கத்தில் சொன்ன ஓசை அதுதான்.

உதை நின்ற பிறகும் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. அவர் எழவில்லை. உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஆம்புலன்ஸ்கள் எல்லாம் கொரோனா நோயாளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். நான்கு பேர் அவரைத் தூக்கிவந்து நீள இருக்கையில் கிடத்தினார்கள். செங்கல்பட்டுக்கு வண்டியை விரட்டினேன். வளைவுகளில் அவர் முனகியது மட்டும் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். என்ன நடந்தது என்று வாயிலில் கேட்டார்கள். மூத்தவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். "படிக்கட்டில் கால் தவறி விழுந்துவிட்டார்," என்றேன். அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிவதாகவும், உடனே அறுவை செய்ய வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். இருப்பிலிருந்த ரத்தத்தை ஏற்றுகிறோம், ஈடாக ஆட்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். மூத்தவர் முதலில் முன்வந்தார்.

"நாங்க எல்லாம் ஓ குரூப்பும்மா. யாருக்கு வோணா ஏறும்," என்றார் ரத்த வங்கியில் இருந்த பெண்ணிடம்.

அந்தப் பெண் அவர் கையைப் பற்றி மேசைமேல் வைத்தார். விரலில் ஊசியால் குத்தி, ரத்தத்தைச் சொட்டு சொட்டாகக் கண்ணாடித் துண்டில் வைத்து, மருந்தைக் கலந்து பார்த்தார்.

"உங்களுக்கு ஏ பாசிட்டிவ்."

"இல்லம்மா, சரியா பாரு. டேக்ல போட்டுகீது."

"டேக்ல போட்டது யாரு?"

"காண்ட்ராக்ட் ஆபீஸ்ல."

"இப்படி ஊசி குத்திப் பாத்தாங்களா?"

மூத்தவர் தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேரும் நாளில் படிவம் நிரப்பும் எழுத்தர் ரத்த வகையைக் கேட்பார். தெரியாது என்று சொன்னால், "ஓ பாசிட்டிவ்னு போட்டுக்கிறேன், பாதிப் பேருக்கு அதான்," என்று தலை நிமிராமல் எழுதிவிடுவார். எங்கள் வண்டியின் ஓ எல்லாம் அப்படி வந்தவை. தன் ரத்தம் இன்னதென்று உண்மையாக அறிந்திருந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் உதைத்தோம்.

அன்று நான்கு பேர் விரல் நீட்டினார்கள். இருவருக்கு ஓ, ஒருவருக்கு பி, மூத்தவருக்கு ஏ. என் அட்டையிலும் ஓ என்றுதான் இருந்தது. நான் விரலை நீட்டவில்லை.

செய்தித்தாளில் வந்ததைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஆயிரக்கணக்கான பேரைச் சேத்து எண்ணிப் பாக்கறது ஐயா அது. ஒரு பக்கம் கொஞ்சம் கூட, ஒரு பக்கம் கொஞ்சம் கம்மி. ஒருத்தர் சட்டையப் புடிச்சு நீ விழுவேன்னு சொல்றதுக்கு இல்ல," என்றார். வண்டிக்குத் திரும்பி, மடித்து வைத்த தாளை விரித்தேன். கடைசிப் பத்தியில் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அவர் பிழைத்தார். ஆனால் பத்தாம் நாள் ஒப்பந்தக்காரர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். கவனக்குறைவாகப் படியில் விழுந்தவருக்கு இழப்பீடும் கிடையாது என்றார். ஆதாரம், பதிவேட்டில் நான் சொன்ன சொல்.

அன்றிரவே நடந்ததையெல்லாம் எழுத உட்கார்ந்து, விடிந்தபின் எழுதி முடித்தேன். நான்கு பக்கம். அச்சில் வரும் கட்டுரைகளைப் போல அடுக்கடுக்கான வாக்கியங்கள். காலையில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் புறப்பட்டேன். தேநீர்க் கடையருகே மூத்தவர் எதிர்ப்பட்டார்.

"அண்ணாத்த, வோணாம். என் வூட்ல ரெண்டு பொண்ணு கீது."

"அவன் வூட்லயும் கொழந்த கீதுப்பா."

"படிச்சுச் சொன்னது நீதானே? நீ படிக்கலன்னா நான் அவன ஏன் தொடறேன்?"

"அதுவும் இதுல எழுதிகீறேன்."

அவர் என் வாயில் குத்தினார். கீழ்ப்பல் உதட்டைக் கிழித்தது. மறுபடி ஓங்கிய கையைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நான் அப்படியே நடந்தேன்.

எழுத்துப் பணியிலிருந்த காவலர் முதல் பக்கத்தைப் பார்த்தார். உதட்டிலிருந்து சொட்டியது தாளில் பரவி, இரண்டு வரிகளை மறைத்திருந்தது. "பெரியவரே, மொதல்ல வாயத் தொடைங்க. வேற தாள்ல எழுதிக் குடுங்க," என்றார். வேறு தாள் வாங்கி ஒரே பக்கத்தில் எழுதினேன். செய்தியை அரைகுறையாக வாசித்தவன் நான். உதைத்தவர் இன்னார். கால் தவறியது என்று பொய் சொன்னவனும் நான். கையெழுத்திட்டேன்.

மூத்தவரைக் கைது செய்தார்கள். என்னை அந்தத் தடத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு நோய் எங்கள் ஆட்களுக்குள் வந்தபோது, ரத்த வங்கியில் உண்மையாகவே ஓ என்று தெரிந்தவர்களில் ஒருவர்தான் எல்லாரிலும் மோசமாகி, பல நாள் ஆக்சிஜனில் கிடந்தார். கடப்பாக்கத்துக்காரருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போயிற்று. இதிலிருந்து நான் எதையும் முடிவு கட்டவில்லை. முடிவு கட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அவருக்கு இழப்பீடும், நெடுங்காலம் கழித்து, பளு தூக்காத வேலையும் கிடைத்தன. சென்ற மாதம் மதுராந்தகத்தில் என் வண்டிக்கு அருகே அவர் வேலைக்குப் போகும் பேருந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்கவில்லை. படியேறிய மற்றவர்களின் அட்டைகளெல்லாம் மார்பில் ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய அட்டை மட்டும் சட்டைக்குள் இருந்தது. கழுத்தில் நாடா தெரிந்தது.