வெளுத்த துணி

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் இடத்தில் எனக்கு வேலை. வருஷக்கணக்காய் பிளீச்சிங் தொட்டியோடு மாரடித்ததில் அந்த வாடை என் மூக்கில் ஏறுவதே இல்லை. சாக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், மடவார் வளாகத்தில் என் வீடு. அங்கே கண்ணாடித் தொட்டி வைத்து, விரல் நீளம்கூட வளராத குள்ள சிக்லிட் மீன்கள் வளர்த்தேன். இரண்டு முறை முட்டைகள் பூஞ்சை பிடித்துப் போயின. மூன்றாம் முறை, தொட்டியில் கவிழ்த்திருந்த சிரட்டைக்குள் குஞ்சு பொரித்தது. தாய்மீன் மஞ்சளாக நிறம் மாறி என் விரலையே முட்ட வந்தது. சில நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. கண் மட்டும்தான் தெரியும். என்னைவிட என் மனைவிக்குத்தான் பூரிப்பு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது அவள் வேலை.

ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடாமல் அதன் வாயில் கட்ட, வேலை முடிந்து கிளம்பும்போது வலைபோல் நெய்த காஸ் துணி ஒரு துண்டு எடுத்தேன். பிளீச்சிங் போகக் கடைசி அலசல் ஆகாத குவியல் அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பிழிந்து சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஃபில்டர் வாயில் கட்டினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைக் கேலி செய்வார்கள். வெளுக்கிறவனே நம்பினேன்.

மறுநாள் காலையில் குஞ்சுகள் மணலில் கிடந்தன. தாய்மீன் ஒவ்வொன்றாக வாயில் கவ்விச் சிரட்டைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, குழாத் தண்ணிய ஊத்துனியா?" தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"தண்ணி கொறஞ்சிருந்துச்சுங்க. நேத்து ஒரே ஒரு செம்புதான் ஊத்துனேன்."

"அம்புட்டையும் கொன்னுட்டியே!"

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வேலைக்குக் கிளம்ப, ஆணியில் மாட்டியிருந்த நீலச் சட்டையை எடுத்தேன். முந்தின நாள் காஸைத் திணித்திருந்த பை வெள்ளையாக வெளிறிப்போயிருந்தது. ஒரு செம்புக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அத்தனை பெரிய தொட்டியை ஒன்றும் செய்யாது என்று எனக்கா தெரியாது? தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சட்டையைச் சுருட்டிப் பெட்டியடியில் போட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி குஞ்சு பொரித்தது. அதுவரை தொட்டிப் பக்கமே வராதவள், ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மூணு நாளு வெயில்ல வச்ச தண்ணிங்க. இத ஊத்துனா குஞ்சுகள ஒண்ணும் செய்யாதுல்ல?"

"செய்யாது. ஊத்து" என்றேன்.

ஒவ்வொரு செம்புக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.