பேருந்து பானட்டில் சூடேறிய வெள்ளி

சுனாமி வந்ததற்கு அடுத்த சித்திரை அது. என் தம்பி மகள் செல்வி கோவையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விடுமுறைக்கு வெள்ளகோவில் வந்தவளுக்கு அம்மை போட்டுவிட்டது. அவள் கொண்டுவந்திருந்த கண்ணாடித் துண்டுக்கு மறுநாள் பகல் இரண்டு மணிக்கு அவள் கல்லூரி நுண்ணோக்கியில் பார்க்க முறை. தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். டிபன் டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தாள். (எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார்.)

"லேசர் அடிச்சு இந்தக் கண்ணாடி மேல பிளாஸ்டிக்கையும் வெள்ளியையும் பாலேடாட்டப் படிய வெச்சிருக்கறேன் பெரிப்பா. வெள்ளிக்குப் பிளாஸ்டிக்கோட ஒட்டப் பிடிக்காது. நவுந்து நவுந்து தனக்குள்ள சேந்து பொடி உருண்டையா வளரும். சூடு பட்டா இன்னும் வளந்துரும். அப்பறம் நான் பாக்க நெனச்சது போயிரும்."

மறுநாள் காலை ஒன்பதுக்குப் பேருந்து. காங்கேயம், பல்லடம் வழியாகக் கோவைக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். காங்கேயத்தில் பனியன் கம்பெனி ஆட்கள் ஏறியதும் மூச்சுவிட இடமில்லை.

"தாத்தா, டப்பா நசுங்கிரும், முன்னால குடுத்து விடுதேன்," என்றாள் தெற்கத்திப் பெண் ஒருத்தி. நான் வாய் திறப்பதற்குள் டப்பா கை மாறிக் கை மாறிப் போய்விட்டது. ஓட்டுநர் அதை எல்லோருடைய பொருளையும் வைக்கிற இடத்தில் வைத்தார். கொதிக்கும் எஞ்சின் பானட்டின் மேல்.

"சாமி, அது சூட்டுல இருக்கக் கூடாதுங்க!" என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏனுங்க, உள்ள ஐஸ்கிரீமுங்களா?"

"வெள்ளிங்க!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. இப்போது திருட்டுப் பயமும் சேர்ந்துகொண்டது.

"வெள்ளி உருகறதுக்கு இதென்ன பட்டறைங்களா?" என்றார் ஓட்டுநர். சிரிப்பு அடங்கி, டப்பா திரும்பி வருவதற்குள் பல்லடம் தாண்டிவிட்டது. அடிப்பக்கம் கையைச் சுட்டது.

கல்லூரியில் செல்வியின் பேராசிரியர் துண்டை நுண்ணோக்கியில் வைத்துத் திரையைக் காட்டினார். ஒரு ஓரத்தில் மிளகு மிளகாக உருண்டைகள்.

"கெட்டுப் போச்சுங்களா?"

"ஓரம் போச்சுங்க. நடுவுல பாருங்க, கசகசா மாதிரி அப்படியே நிக்குது. படத்துக்கு இது போதும்."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வியிடம் சொன்னேன். "நடுவுல நிக்குதுன்னு அவரே சொன்னாரா பெரிப்பா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

இப்படி ஏதாவது கொண்டுபோகிறவர்கள் புறப்படும் நிலையத்திலேயே ஏறி, வெயில் படாத பக்கம் உட்கார்ந்து, மடியில் வையுங்கள். யார் கேட்டாலும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே என்ன என்று கேட்டால் புளிசாதம் என்று சொல்லுங்கள்.

அந்த ஓட்டுநர் போய்ச் சேர்ந்துவிட்டார். பேராசிரியரும் இல்லை, என் தம்பியும் இல்லை. அந்த டப்பாவுக்காக என்னோடு பயந்த செல்வி மட்டும் இன்னும் இருக்கிறாள்.