மூன்று முறை அளந்தேன்

"ஏன் கண்ணு, வானத்தப் பாக்கறதுக்கு நம்மூர்லயே ஆளிருக்காங்களே. வாசல்ல ஜோசியம்னு போர்டு மாட்டுனாப் போதும். இதுக்குப் போயி அமெரிக்கா வரோணுமா?"

வானியல் படிக்க நான் அமெரிக்கா வந்த முதல் வாரம், டெக்சாஸ் பிளானோவில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வீட்டு அங்கிள் கேட்டது இது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா இன்றும் கைநாட்டுதான். கேலியைத் தாங்க எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் "தெரியவில்லை" என்று சொல்லத்தான் வராது.

நான்கு வருடம் கழித்து, கலிஃபோர்னியாவில், பே ஏரியாவின் ஆய்வுக்கூடம் ஒன்றில் அதற்கு நான் விலை கொடுக்க வேண்டி வந்தது.

தொலைநோக்கிக்கு வரும் நட்சத்திர ஒளியைக் காற்று கலைத்துவிடுகிறது. அந்தக் கலக்கத்தை ஒரு கேமரா அளக்கும். அளவுக்குத் தக்கபடி ஒரு மெல்லிய கண்ணாடி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்து ஒளியை நேராக்கும். கண்ணாடியின் முதுகில் முப்பத்தேழு ஆக்சுவேட்டர்கள், அதாவது அதைத் தள்ளும் சிறு கால்கள். எந்தக் காலைத் தள்ளினால் கேமராவில் ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து, கணினிக்கு ஒரு பட்டியல் தருவது என் வேலை.

பத்து நாளாக இந்த அமைப்பு ஓடவில்லை. இயக்கிய கணமே, மேசையில் செயற்கை நட்சத்திரமாக வைத்திருந்த லேசர்ப் புள்ளி குவியாமல் சிதறும். கண்ணாடி உடையாமலிருக்க மின்சாரம் தானே நின்றுவிடும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர், "உன் பட்டியல் சரிதானா?" என்று கேட்டார்.

"மூன்று முறை அளந்தேன். கோளாறு கண்ணாடியில்தான்" என்றேன். குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது.

கண்ணாடி செய்த கம்பெனிக்கு அன்றே புகார் எழுதச் சொன்னார். எழுதினேன். கண்ணாடியை எடுத்துப்போக வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூரியர் வருவதாக ஏற்பாடு.

வெள்ளி காலை என் அறைத்தோழியின் காரில் போனேன். அவள் சென்னைக்காரி, சாஃப்ட்வேர் வேலை. தினமும் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவாள்.

"மிரர அனுப்பிட்டா என்ன ஆகும்?"

"திரும்பி வர மூணு மாசம். அக்டோபர்ல டெலஸ்கோப்ல எங்களுக்குக் குடுத்த அஞ்சு நாள் வேற குரூப்புக்குப் போயிடும். என் தீசிஸே அந்த அஞ்சு நாள்தான்."

"அப்புறம் ஏண்டி நீயே மிரர் சரியில்லன்னு சொன்ன?"

"கேட்டாரு. சொன்னேன்."

"எங்க ஆபீஸ்ல யாராச்சும் கேட்டா, செக் பண்ணிட்டு சொல்றேன்னுதான் சொல்லுவோம். தெரிஞ்சாக்கூட."

ஃப்ரீவேயில் வண்டிகள் ஊர்ந்தன. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்துக்குள் நுழைந்தபோது ஒன்பதரை. கழற்றிப் பெட்டியில் வைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குமுன் கடைசியாக ஒருமுறை, திருத்தும் வேகத்தை மிகமிகக் குறைத்து இயக்கினேன். இதுவரை கண்ணிமைப்பதற்குள் சிதறியது, இப்போது மெதுவாக நடந்தது. புள்ளியை மேலே நகர்த்தினேன். தானே நடுவுக்கு இறங்கியது. கீழே நகர்த்தினேன்; ஏறி வந்தது. இடப்பக்கம் நகர்த்தினேன். இன்னும் இடப்பக்கமாக ஓடியது. வலப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கமாகவே ஓடியது.

கெட்டுப்போன கண்ணாடி இப்படிப் பக்கம் பார்த்துக் கெடாது. மேசையைப் பார்த்தேன். கேமராவுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டைக் கண்ணாடி. இடம் போதவில்லை என்று கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒளியைத் திருப்பிவிட இரண்டு வாரத்துக்கு முன் நானே திருகி வைத்தது. முகம் பார்க்கும் கண்ணாடி செய்வதைத்தான் அதுவும் செய்தது. இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கியது. கணினியோ பட்டியலை நம்பி ஒளியை எதிர்ப்பக்கம் தள்ளியது. மேசையில் எதைத் தொட்டாலும் பட்டியலை மறுபடி அளக்க வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் முதல் விதி. நான் மூன்று முறை அளந்தது உண்மை. மூன்றும் அதை வைப்பதற்கு முன்னால்.

நிரலில் ஒரு வரியில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டால் ஓடிவிடும். கண்ணாடி தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர் இல்லாத கோளாறுக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பார். காரணம் தெரியாமல் சரியானதை மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்கு ஏற்றப் பேராசிரியரும் யோசிப்பார். விரல் அந்த வரியின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எடுத்துவிட்டேன்.

பதினொன்றரைக்குப் பேராசிரியர் காலிப்பெட்டியோடு வந்தார்.

"இன்னும் கழற்றவில்லையா?"

"கண்ணாடி நன்றாக இருக்கிறது. தவறு என்னுடையது" என்று தட்டைக் கண்ணாடியைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். பெட்டியைத் தரையில் வைத்தார்.

"திங்கட்கிழமை மூன்று முறை என்றாய்."

"இதை வைப்பதற்கு முன் அளந்தது. வைத்தபின் அளக்கவில்லை."

"அக்டோபரில் உன்னை நம்பி மலைக்கு அனுப்பலாமா என்று நான் யோசிக்க வேண்டும்."

"சரி" என்றேன்.

"முதலில் கம்பெனிக்குச் சொல்."

"புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று என் பெயரில் எழுதி அனுப்பிவிட்டேன். கூரியரையும் நிறுத்தியாயிற்று."

"பட்டியல்?"

நகர்ந்து அவருக்குத் திரையைக் காட்டினேன். முப்பத்தேழில் பதினான்காவது கால் அளக்கப்பட்டுக்கொண்டிருந்தது.