கடைசிக் காட்சிக்கு வந்த பொன்னாடைகள்

போர் முடிந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் என் நாடகம் மேடையேறியது. பழைய பிரெஞ்சு நடிகர் ஒருவரின் வாழ்க்கை. தானே எழுதி, தானே நடித்து, ஊரைச் சிரிக்க வைத்தவர். அக்காலத்தில் அங்கே நடிகர்களைத் தேவாலய மண்ணில் புதைக்க விடமாட்டார்கள். சாகக் கிடக்கும் அவர் பாதிரியாரிடம் ஆறடி நிலத்துக்குப் பேரம் பேசுவதுதான் கடைசிக் காட்சி.

அந்த வேடம் போட்டவர் வோபர்ன் பகுதியில் என் பக்கத்து வீட்டு நண்பர். மே மாதம் வன்னியில் ஷெல் விழுந்து அவருடைய அக்கா செத்துப்போனார். உடலைப் பதுங்குகுழிக்குள்ளேயே மூடிவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். நாடகத்தை நிறுத்துவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை. அந்தக் கடைசிக் காட்சி எனக்கு வேணும். மிச்சத்தை வெட்டினாலும் பரவாயில்லை."

நாடகம் இடம்பெற்ற சங்க விழா மூன்று மணிக்கு. ஐந்து திரி விளக்கை ஏற்ற ஒன்பது பேர் முண்டியடித்தார்கள். ஒரு நிமிட மௌன அகவணக்கத்துக்குள் முன்வரிசையில் இரண்டு கைப்பேசிகள் அலறின. பிறகு ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் முதல் வாக்கியத்தில் இறந்தவர்களை நினைத்தார்கள். இரண்டாவது வாக்கியத்தில் தங்களைப் பற்றித் தொடங்கினார்கள்.

நாடகம் தொடங்கவே ஐந்தரை ஆயிற்று. கடைசிக் காட்சிக்குக் கட்டில் போட்டோம். நண்பர் படுத்தார். திரை விலகியதும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு ஓடிவந்தார்.

"மன்னிக்கவேணும். பிரதம விருந்தினருக்கு இன்னொரு விழா இருக்கு. பொன்னாடையை இப்பவே போர்த்துவம்."

வீடு விற்கும் முகவரான பிரதம விருந்தினர் ஏற்கெனவே மேடைப் படியில் நின்றார். நண்பர் எழுந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிசம் தாங்கோ. செத்துப்போட்டு வாறன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"அதைப் பிறகு பாப்பம், தம்பி," என்று அறிவிப்பாளர் சொல்ல, விருந்தினர் நண்பரின் தோளில் முதல் பொன்னாடையை விரித்தார். மொத்தம் பதினொன்று. என் மேல் விழுந்ததில் வேறு யாருடையவோ வியர்வையும் வாசனைத் தைலமும் நாறின. முந்திய விழா ஒன்றில் போர்த்தியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். அது முடிய ஏழு மணி, அரங்கு வாடகை நேரம் தீர்ந்தது. பள்ளிக் காவலாளி விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்.

பேருந்து நிறுத்தத்தில் நண்பர் முகச்சாயத்தோடு நின்றார். இன்னொரு நாள் அரங்கு எடுத்து முழுதாகப் போடுவோம் என்றேன்.

"அப்ப விளக்கேத்துற நேரத்திலையே செத்துப்போடுறன், அண்ணை. அப்பிடியெண்டாத்தான் ஆறடி கிடைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. பொன்னாடையின் நுனியை எடுத்து, முகத்தைத் துடைக்கத் தொடங்கினார்.