மரியசெல்வி அக்காவின் முகம் தண்ணீர்த்திரையில் வேண்டாம்

அக்காவை ஏற்றிய ஆம்புலன்ஸைத் தொடர்ந்து நான் போன பேருந்து பெருமாள்மலையில் நின்றபோது கைப்பேசி அடித்தது. "அக்கா போயிருச்சுண்ணே" என்றாள் மரியசெல்வி அக்காவின் தங்கை. ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று சொல்லித் திரிகிறது எங்கள் விடுதி நிர்வாகம். பச்சைப் பொய்.

கொடைக்கானலில் அந்த விடுதிக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். நீரூற்று விசிறிபோல் எழும்பும். அந்தத் தண்ணீர்த்திரையில் நான் படம் ஓட்டுவேன். மோட்டாரும் தண்ணீரும் அக்காவின் பொறுப்பு. ஒருநாள் பழனி முருகன் திரையில் இருந்தபோது காற்று தூக்கியது. முகம் பிய்ந்து பிய்ந்து பறந்தது. அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டார். கத்திக்கொண்டு வந்த மேலாளரிடம், "சாமி மூஞ்சி கிழிஞ்சு தொங்குதுங்க. இதக் காட்டவா இவங்களக் கூட்டியாந்தீங்க?" என்றார். அந்த மனிதர் திரும்பிப் போனார்.

பைன் மரத்து ஊசியிலை குழாய்முனையை அடைத்தால் படத்தில் கறுப்புக் கோடு விழும். அக்கா குளத்தில் இறங்கி எடுப்பார். இறங்குமுன் மோட்டாருக்கு மின்சாரம் போகும் பீஸ் கட்டையைப் பிடுங்கி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொள்வார். நான் கேலி செய்தால், "தண்ணிக்குள்ள ஒயரு நைஞ்சு கெடக்கு தம்பி. எவனாச்சும் சுவிட்சத் தட்டிட்டா? என் உசுரு என் பையில இருக்கட்டும்" என்பார். அந்த ஒயரைக் கடைசிவரை மாற்றித் தரவில்லை.

அக்கா இறந்த அன்று மாலை பெரிய விருந்தாளி ஒருவர் வந்திருந்தார். படத்தில் கோடு விழுந்தது. தோட்டத்து விளக்குகளும் அதே பீஸில்தான் எரிந்தன. "அவர் இருட்டுல நிக்கவா? சுவிட்ச மட்டும் அணைச்சுட்டு வெரசா இறங்கு. இல்லன்னா நாளைலருந்து வராத" என்று மேலாளர், பீஸ் கட்டையைப் பிடுங்கப் போன அக்காவின் கையைத் தட்டிவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவர் என்ன செய்வார்? இறங்கினார். விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்ததும், அக்கா இன்னும் தண்ணீருக்குள் நிற்கும்போதே, அதே மேலாளர்தான் சுவிட்சைப் போட்டார். எதிர்க்கரையிலிருந்து நான் கத்தியது பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

நேற்று அந்த மேலாளரே என்னைப் போனில் அழைத்தார். இரங்கல் கூட்டத்தில் அக்கா சிரிக்கும் படத்தைத் தண்ணீர்த்திரையில் ஓட்ட வேண்டுமாம். "மேலேருந்து பூக் கொட்டுற மாதிரி செஞ்சிருங்க. எல்லாருக்கும் மனசு ஆறும்" என்றார். "அக்காவக் கொன்ன தண்ணியிலயே அக்கா மூஞ்சியக் காட்டணுமா? என்னால ஆகாதுங்க" என்று போனை வைத்தேன். நேரே காவல் நிலையம் போய், கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது. போகட்டும்.

அன்று குளக்கரையில் நின்றவர்களே, மலர்வளையம் கொண்டு வராதீர்கள். சாட்சி சொல்ல வாருங்கள். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை மட்டும்தான். என்னை யாரும் சமாதானப்படுத்த வேண்டாம்.