மாலை போட்ட சாமிக்கு ஆட்டு முடி ஸ்வெட்டர்

என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார். அப்புத்தளை மலைக் குளிரில் தினமும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். அந்த நடுக்கத்தைப் பார்க்க முடியாமல், யூடியூப் பார்த்து, கறுப்புக் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன்.

இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தொட்டுப் பார்த்தார்.

"அசல் கம்பளியா? அப்ப ஆட்டு முடிதானே! சாமி முட்டையக்கூடத் தொடாம விரதம் இருக்காரு. நீ ஆட்டையே மேல போட்டு விட்டிருக்கியே!"

அவருடைய விரதத்தை நானே கெடுத்துவிட்டேனா? அவரையும் அழைத்துக்கொண்டு நேராகக் குருசாமியிடம் ஓடினேன்.

"தெரியாம பண்ணிட்டேங்க குருசாமி. கழட்டச் சொல்லவா?"

குருசாமி ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்தார்.

"ஆட்டைக் கொன்னா எடுத்தாங்க? முடியத்தானேம்மா வெட்டுனாங்க. முடி வெட்டக் கூடாதுங்கிறது மாலை போட்ட சாமிக்குத்தான். ஆடு மாலை போடலியே!"

சாமியே சரணம்! அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீடு திரும்பும் வழியில் சரோஜா அக்கா மெதுவாகக் கேட்கிறார்: "எங்க வீட்டு சாமிக்கும் ஒன்னு பின்னித் தாயேன்."

நீங்களே சொல்லுங்கள், அசல் கம்பளியில் பின்னவா, ஆடே தொடாத பிளாஸ்டிக் நூலில் பின்னவா?